முகம் காட்டணும்

காளிகாட்டில் மெட்ரோக் கதவு திறந்ததும் ஏறிய பெண், கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் சானிடைசரைத் தேய்த்துக்கொண்டாள். ஸ்பிரிட் வாசனை. ஒரு மூச்சுதான். அடுத்த மூச்சில் அவள் தலைமுடியிலிருந்து புதிதாகப் பூசிய சாயத்தின் காரநெடி வந்து அதன் தோளில் கைபோட்டுக்கொண்டது. இந்த இரண்டு வாசனைகளும் சேர்ந்தால் எனக்கு அது ஓர் அறை. நான்கு சுவரும் ஒரு திரையும் ஒரு சாய்வு நாற்காலியும் உடனே முளைத்துவிடும். கூட்டத்துக்கு நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், அந்த அறைக்குள் போய்விட்டேன்.

பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு அருகில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி பல் கடிக்கும் ஒரு சந்தில், பழைய வீடொன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது அது. முன்பக்கம் பியூட்டி பார்லர். பின்பக்கம் என் அறை. எனக்கு முன் அங்கே குடியிருந்தவை துவாலைகள். கதவு கிடையாது, பூப்போட்ட திரை மட்டும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சமையலறை. கடுகெண்ணெயில் கத்தரிக்காய் பொரியும் நேரத்தில் என் ஸ்பிரிட் வாசனை தோற்றுப்போகும்.

அதற்கு முன் நான் இருமலின் மருத்துவர். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் டிஸ்பென்சரியில் வெகுகாலம் உட்கார்ந்து, வரிசையாக வந்த தொண்டைகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, லீவுக்கு சர்டிபிகேட். வெறுத்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்த ஆள் நான். மின்விசிறிக்குக் கீழே ஒரே நாற்காலியில் நரைத்துப்போக மனம் ஒப்பவில்லை. நாற்பத்தைந்தை நெருங்கும்போது ஒரு நாள் பணியை எழுதிக் கொடுத்துவிட்டு, முகத்துக்கு ஊசி போடும் படிப்பில் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் எல்லோரும் என் மகள் வயது. யாரோ ஒருத்தி என்னை மாடலாக வந்தவர் என்று நினைத்துச் சாய்வு நாற்காலியில் உட்காரச் சொன்னாள்.

வீட்டில் கணவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இத்தனை வருஷம் எல்லாரையும் நாக்கை நீட்டச் சொன்னே. இனிமே நெத்திக்கு இஸ்திரி போடப் போறியாக்கும்?"

"முதல்ல உங்க நெத்திதான்."

"என் நெத்தி சுருங்கினதே உன்னாலதான். அத்தாட்சியை அழிக்கப் பாக்காதே."

அவர் கிண்டலில் ஓர் உண்மை இருந்தது. நெற்றி என்பது அத்தாட்சிதான். நான் படிக்கப் போனது அந்த எழுத்தை. கோபத்தில் இரண்டு புருவத்துக்கும் இடையே விழும் செங்குத்துக் கோடுகள், வியப்பில் குறுக்கே ஓடும் கோடுகள், சிரித்துச் சிரித்துக் கண்ணோரத்தில் பிரியும் காக்கைக்கால். ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே ஒரு தசை, தன் வேலையை விடாமல் செய்துகொண்டிருக்கும். அந்தத் தசையைச் சில மாதங்கள் தூங்கவைக்கும் மருந்துதான் அந்த ஊசி. முடியைவிடக் கொஞ்சம் தடித்த ஊசிமுனை. தோலைத் தொட்டதும் வருவது வலிகூட அல்ல, ஒரு 'சுருக்'. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது: சுருக்கமும் சுருக்கென்று குத்துவதும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வேறெந்த மொழியில் நோயும் சிகிச்சையும் இப்படி அண்ணன் தம்பியாகப் பேர் வைத்துக்கொண்டு திரிகின்றன? அன்றைக்கு முழுவதும் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தப் படிப்பில் என்னை அசைத்தது ஊசி இல்லை. சீட்டு.

மருந்து தெர்மோகோல் பெட்டியில், ஐஸ் பைகளுக்கு நடுவில், பச்சைக் குழந்தைபோல வரும். அட்டையில், பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி. இருபது வருடமாக எத்தனையோ அட்டைகளில் பார்த்த வரிதான். யாருக்கோ சொல்லியது என்று கடந்துபோனது. வகுப்பெடுத்தவர் அந்த வரியிலேயே ஒரு முழுக் காலைப்பொழுதைச் செலவழித்தார். முதலில் ஆளைப் பார். என்ன வியாதி, என்ன மாத்திரை, கர்ப்பமா, பால் கொடுக்கிறாளா என்று கேள். பிறகு அந்த ஆளின் பேருக்கு எழுது. அதன்பிறகு குப்பியைத் திற. இந்த வரிசை மாறவே கூடாது. ஒருத்தி பேரில் வாங்கியதை இன்னொருத்திக்குப் போடக் கூடாது. பார்க்காத முகத்துக்கு எழுதக் கூடாது. எழுதத் தகுதியில்லாத கையிடம் ஊசியைக் கொடுக்கக் கூடாது. அழகுக்காக என்று சொல்வதால் மருந்து அலங்காரச் சாமானாகிவிடாது என்றார்.

டிஸ்பென்சரியில் நான் பார்க்காமல் எழுதியதில்லை. ஆள் எதிரிலேயே இருமிக்கொண்டிருப்பார். அதனால் அது ஒரு விதி என்றே தோன்றியதில்லை. நெற்றியைக் காட்டி நிற்பவர்களிடம்தான் அந்த விதிக்கு வேலை வருகிறது. நோயாளி தன்னை நோயாளி என்று நினைக்காத இடத்தில், மருத்துவர் தன்னை மருத்துவர் என்று நினைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

படிப்பை முடித்த பிறகு ஊரில் இருந்த பெரிய கிளினிக்குகளின் படி ஏறினேன். எல்லா இடத்திலும் தோல் மருத்துவப் பட்டம் கேட்டார்கள்; கேட்கத் தயங்கியவர்கள் என் நரையைப் பார்த்தார்கள். கடைசியில் எனக்கு இடம் கொடுத்தவள், நான் மாதாமாதம் முடி வெட்டிக்கொள்ளும் பார்லரின் சொந்தக்காரி. தமிழ்க்காரிதான். கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் வங்காளம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், லோக்கல் ரயிலில் கடலைக்காரர்கள் மாதிரி. அவளை நான் கரக்பூர்க்காரி என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு நான் டாக்டரக்கா.

"பின்னால ரூம் சும்மா கிடக்குது டாக்டரக்கா. துண்டு வச்சிருக்கேன். துண்டுக்கு எதுக்கு ரூம்? நீங்க வந்து உக்காருங்க."

அப்படி உட்கார்ந்தேன். சுவருக்கு நானே வெள்ளையடித்தேன். பதிவு எண்ணோடு சீட்டுப் புத்தகம் அச்சடித்து வந்த அன்று, மேசையில் வைத்து, தள்ளி நின்று, ஒரு கோணத்தில், பிறகு இன்னொரு கோணத்தில் பார்த்தேன். என் பெயர். என் அறை. டிஸ்பென்சரியில் என் பெயருக்கு மேல் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கும். இங்கே எனக்கு மேல் ஒன்றுமில்லை, பல்லி மட்டும்.

முதலில் வந்தவர் ஜாதவ்பூர் பக்கத்துப் பள்ளி ஆசிரியை. புருவ இடுக்கில் இரண்டு கோடு, சாக்பீஸில் கிழித்தது போல. அவருக்கு எல்லாம் கேட்டு, எழுதி, குப்பியைத் திறந்து, போட்டேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தவர் புகார்தான் சொன்னார்: "எவ்வளவு திட்டினாலும் பிள்ளைகள் இப்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்." திரும்பப் பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்டார். சில மாதம் போனால் தானே ஆகிவிடும் என்றேன். போகும்போது கண்ணாடியில் தன்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். அந்தத் திரும்பிப் பார்த்தலை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அப்புறம் பூஜோ, துர்கா பூஜை, வந்தது. வந்தது என்றால், இன்னும் மஹாலயாகூட ஆகவில்லை. தெருமுனையில் பந்தலுக்கு மூங்கில் இறக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் கொல்கத்தாவில் மூங்கில் இறங்கினாலே பெண்களுக்குக் காய்ச்சல்தான். பார்லரில் நிற்க இடமில்லை. ஒரு சாயங்காலம் கரக்பூர்க்காரி கத்தரியும் கையுமாகத் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். இன்னொரு கையில் போன்.

"இதப் பாருங்க டாக்டரக்கா." விரலால் தள்ளத் தள்ள முகங்கள். குளித்துப் பொட்டு வைத்த முகங்கள், ஜன்னல் வெளிச்சத்தில், பால்கனியில், காருக்குள். "எல்லாம் நம்ம வாடிக்கை. தங்கமான பொம்பளைங்க. சஷ்டிக்குள்ள நெத்தி கிளியர் ஆகணுமாம்."

"வரச் சொல்லு. பாக்கறேன்."

"தூர்! வர்றதுக்கு எங்க டைம்? ஒவ்வொருத்தியும் புடவைக் கடையில நிக்கறா. அதான் போட்டோ அனுப்பிட்டாங்களே. நீங்க பேருக்கு பேர் எக்டு, கொஞ்சம் எழுதிக் குடுத்துடுங்க, போதும். ஃபேஷியலுக்கு வர்றப்ப ஊசி நானே போட்டுடறேன்."

"நீ போடறியா?"

"ஏன், புருவம் எடுக்கறது யாரு? என் கை நடுங்கி யாராச்சும் பாத்திருக்காங்களா? வீடியோவெல்லாம் பாத்து வச்சிருக்கேன். நீங்க குத்தற எடமும் எனக்கு மனப்பாடம்."

"உன் கை நடுங்காது. அது எனக்குத் தெரியும். எந்த முகத்துல குத்தக் கூடாதுன்னு உன் கைக்குத் தெரியாது."

"கொரோனா டைம்ல எல்லா டாக்டரும் போன்லயே பாத்து எழுதலையா? அப்ப மட்டும் சட்டம் லீவுல போயிருந்துச்சா?"

நல்ல கேள்விதான்.

"காய்ச்சல் மாத்திரை வேற. இது தசையைத் தூங்க வைக்கிற மருந்து. போட்டா திரும்ப எடுக்க முடியாது. அதுவும் ஊசியை டாக்டர் இல்லாத கை தொடவே கூடாது."

"அதெல்லாம் பேப்பர்ல, அக்கா."

"பேப்பர்ல போடற கையெழுத்து என்னுது!" என் குரல் உயர்ந்துவிட்டது. "உன் பிரெண்டா இருந்தாலும் சரி, மந்திரி பொண்டாட்டியா இருந்தாலும் சரி. மொகம் காட்டணும்! இங்க வந்து, இந்த நாற்காலியில உக்காந்து, எனக்கு மொகம் காட்டணும்!"

திரைக்கு அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்தது. செருப்புச் சத்தம். வாசல் மணி கிணுங்கியது. எட்டிப் பார்த்தபோது, முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தவரின் நாற்காலி காலி. கழுத்தில் கட்டிய துணி தரையில்.

ஓடிப்போனவர், அந்தப் போனில் இருந்த முகங்களில் முதல் முகம். கரக்பூர்க்காரியின் மிகப் பழைய வாடிக்கை. வங்காளப் பெண்மணி, பார்லரில் எல்லோருக்கும் அவர் பௌதி, அதாவது அண்ணி. அவர் எந்தப் பார்லருக்குப் போகிறாரோ அங்கேதான் அவருடைய குடியிருப்பு முழுவதும் போகும். ஈரத்தலையோடு ஏன் ஓடினார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை.

மறுநாள் காலை கரக்பூர்க்காரி வந்து என் எதிரில் நின்ற நிலையிலேயே சொன்னாள்.

"பௌதி போன் பண்ணாங்க. என்னா கேட்டாங்க தெரியுமா? 'உன் மெட்ராஸ் டாக்டர் முகத்தை வெட்டுவாளாமே'ன்னு."

"என்னது?"

"நீங்கதான கத்துனீங்க, 'மொகம் காட்டணும், மொகம் காட்டணும்'னு!"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. வங்காளத்தில் முகம், 'முக்'. வெட்டிக்கொள்வது, 'காட்டானோ'. பார்லரில் காலையிலிருந்து இரவு வரை காதில் விழுவது 'சுல் காட்டானோ', முடி வெட்டிக்கொள்வது. கத்தரிச் சத்தத்துக்கு நடுவே, தலையில் தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்த அந்த அம்மாளின் காதில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு டாக்டர் ஆவேசமாக 'முக் காட்டானோ' என்று கூச்சலிட்டால் என்ன செய்வார்? நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன்.

நான் சிரித்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கரக்பூர்க்காரி சிரிக்கவில்லை.

"உங்களுக்குச் சிரிப்பு. அவங்க பில்டிங்ல இருந்து ரெண்டு பேரு அப்பாயின்ட்மென்ட்டை கான்சல் பண்ணிட்டாங்க. பூஜோ சீசன்ல! அக்கா, நான் நேரா சொல்லிடறேன். பூஜோ முடியற வரைக்கும் பாப்பேன். ஒண்ணு நீங்க எழுதிக் குடுக்கணும், இல்ல ரூமைக் குடுத்துடணும். நெயில் ஆர்ட் போடற பொண்ணு ஒருத்தி ரூம் கேட்டு நடையா நடக்கறா. அவளுக்கு எவ மொகமும் வேணாம், விரல் போதும்."

அவள் மேல் கோபம் வரவில்லை. அந்தப் பார்லரை அவள் தனியாக, ஒரு நாற்காலியிலிருந்து கட்டியெழுப்பியவள். ஆனால் அந்த அறை போனால் எனக்கு வேறு அறை இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டிஸ்பென்சரி நாற்காலியில் இப்போது வேறொருவர். நான் ஆக நினைத்தது ஆவேனா என்பது அந்தப் பூப்போட்ட திரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன்.

"எழுதிக் குடுத்தா என்ன ஆகும்?"

"ஒண்ணுமே ஆகாமலும் போகலாம்."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணும் ஆகலேன்னா அடுத்த தடவையும் எழுதுவேன். அதான்."

அவர் மோர் சாதத்தைப் பிசைந்தார். "ரூம் போச்சுன்னா நம்ம பால்கனியில போட்டுக்கோ. துணி காயப்போடற கொடிக்குக் கீழ ஒரு நாற்காலி கொள்ளும். வர்றவங்க தலையில என் பனியன் சொட்டும், அவ்வளவுதான்."

சில நாள் போயிருக்கும். தெருவில் மூங்கில் பந்தலாகிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கும் நேரம். திரை அசைந்தது. கரக்பூர்க்காரியின் குரல் கெஞ்சியது, வங்காளத்தில். பிறகு திரையின் ஓரத்தில் ஒரு கைப்பை தோன்றியது. அதன்பின் அதை மார்போடு அணைத்த இரண்டு கைகள். கடைசியாகப் பௌதியின் முகம்.

"கத்தியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" வங்காளத்தில், முதல் கேள்வியே அதுதான்.

நான் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினேன். பஞ்சு, கையுறை, ஒரு பாக்கெட் பிஸ்கட்.

"காட்டானோ இல்லை பௌதி. நீங்கள் வைத்தியரிடம் போவதை என்னவென்று சொல்வீர்கள்? 'டாக்டர் தேகானோ', இல்லையா? டாக்டரிடம் காண்பிப்பது. அதைத்தான் எங்கள் தமிழில் காட்டறதுன்னு சொல்வோம். நீங்களும் நாங்களும் ஒரே மாதிரிதான். டாக்டரிடம் போகிறோம் என்றா சொல்கிறோம்? காட்டுகிறோம்."

சொல்லும்போதே அது எனக்கே புதிதாகக் கேட்டது. வகுப்பில் ஒரு காலைப்பொழுது முழுக்கச் சொல்லித்தந்த விதி, இரண்டு மொழியிலும் வீட்டுப் பேச்சாகவே இருந்திருக்கிறது. டாக்டர்கிட்ட காட்டினியா? காட்டாமல் மருந்து ஏது?

பௌதி சிரித்தார். பைக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்து, பை மடியில் இறங்கி, தோள் குலுங்க. அந்தச் சிரிப்பில்தான் நான் பார்த்தேன். முகம் முழுக்கச் சிரிப்பு முடிந்த பிறகும் இடது கண் திறக்கவில்லை. இமை பாதியில் நின்றது.

"போட்டோவைக் காட்டுங்கள்" என்றேன். குளித்துவிட்டுக் காலையில் எடுத்த படம். இரண்டு கண்களும் அகலமாக, ஒன்றுபோல. நெற்றியில் கோடுகள், இடது பக்கம் கொஞ்சம் ஆழமாக. யாரும் ஊசி போடலாம் என்று சொல்லும் நெற்றி.

விளக்கை அருகில் இழுத்தேன். "என் பேனாவைப் பாருங்கள். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் மேலே." பேனாவை உயர்த்திப் பிடித்தேன். ஜன்னலுக்கு அப்பால் யாரோ மீனை எண்ணெயில் போட்டார்கள். மெள்ள, மிக மெள்ள, கடைக்காரர் மதியத்துக்கு ஷட்டரை இறக்குவதுபோல அந்த இமை இறங்கியது. புருவம் அதைத் தூக்கப் பார்த்தது. நெற்றி முழுவதும் சுருங்கி, அந்த இமையைக் கயிறு கட்டி இழுத்தது.

அந்தக் கோடுகள் வயதினால் வந்தவை அல்ல. நெற்றி அவருடைய கண்களைச் சுமந்துகொண்டிருந்தது. அந்தச் சுமைதூக்கியைத்தான் எல்லோரும் சேர்ந்து ஊசி போட்டுத் தூங்கவைக்கச் சொன்னார்கள்.

"சாயங்காலம் ஆனால் அசதியாக இருக்கிறதா?"

"பூஜோ ஷாப்பிங். யாருக்கு இல்லை?"

"சாப்பிடும்போது?"

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "மட்டன் என்றால் பாதியில் தாடை ஓய்ந்துபோகிறது. பல்லுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன்."

மருந்தோடு வந்த ஐஸ் பைகளில் ஒன்றை எடுத்து, துணியில் சுற்றி, மூடிய இமையின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். எடுத்தபோது அந்தக் கண் மற்றதைப்போலவே திறந்திருந்தது. கொஞ்ச நேரத்துக்குத்தான், சூடு திரும்பியதும் மறுபடி இறங்கும். ஆனால் எனக்குப் போதும். தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் ஒரு நோய் உண்டு. அது இருப்பவருக்கு இந்த ஊசி ஆகவே ஆகாது. இமையோடு நிற்காமல் விழுங்குவதையும் மூச்சையும்கூடப் பிடித்துக்கொள்ளலாம்.

சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பெயர், வயது. நான் கண்டது இன்னது. ஊசி போடக் கூடாது. நரம்பியல் மருத்துவரிடம் உடனே காட்டவும். கீழே என் கையெழுத்து. மருந்தே இல்லாத சீட்டு. இதுநாள் வரை எழுதியவற்றில் அதைப்போல நிமிர்ந்து உட்கார்ந்து எழுதிய சீட்டு இன்னொன்று இல்லை.

ஆனால் அதைப் பௌதியிடம் நீட்டியபோது கைதட்டல் எதுவும் கேட்கவில்லை. அவர் முகம் வாடிவிட்டது.

"அழகாக வேண்டும் என்றுதானே வந்தேன்? வியாதி வாங்கிக்கொண்டு போகவா வந்தேன்?"

சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனார். திரைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கரக்பூர்க்காரி உள்ளே வந்தாள்.

"கால்ல விழாத குறையா கூட்டிட்டு வந்தேன். வந்தவங்களையும் அனுப்பிட்டீங்க. சபாஷ் டாக்டரக்கா." அளவெடுக்கும் நாடாவை எடுத்து, நெயில் மேசை எங்கே கொள்ளும் என்று என் கண்ணெதிரிலேயே சுவரை அளந்தாள்.

பூஜோ வந்து போயிற்று. டாக் மேளம் தெருவெல்லாம் இடித்தது. எல்லா முகங்களும் விளக்கில் பளபளத்தன. கோடு உள்ளவை, இல்லாதவை. நான் கணவரோடு பந்தல் பந்தலாக நடந்தேன். அம்மன் நெற்றியில் மூன்றாவது கண். அந்த இடத்தில் ஊசி போடுவதென்றால் எந்தத் தசை என்று என் மூளை கணக்குப் போட்டது, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தெர்மோகோல் பெட்டி அதற்கு முன்பே எங்கள் பால்கனிக்கு வந்திருந்தது. கணவர் அதில் துணி மாட்டும் கிளிப்புகளைப் போட்டு வைத்திருந்தார்.

தசமி கழிந்து, ஊரெல்லாம் இனிப்போடு வீடுவீடாகப் போகும் பிஜொயா நாட்களில் ஒரு நாள், என்னிடம் இருந்த பார்லர் வாசல் சாவியைக் கொடுத்துவிடலாம் என்று போனேன். உள்ளே நுழையும்போதே மனதுக்குள் வசனம் தயார். நான் எழுதவில்லை, எழுத மாட்டேன், இந்தா சாவி. தலையை நிமிர்த்தித்தான் போனேன். அறை போகிறவளுக்கு அந்த உரிமையாவது உண்டு.

சாய்வு நாற்காலியில் பௌதி. என் அறையில். மடியில் தேங்காய் உருண்டை டப்பா. என்னை நிமிர்ந்து பார்த்தார். சாயங்காலம். இரண்டு கண்களும் அகலமாக, ஒன்றுபோல.

"அந்த வியாதிதானாம்" என்றார். "மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அஷ்டமி அன்று மட்டன் ஒரு தட்டு முழுதாகத் தின்றேன். நரம்பு டாக்டர் உங்கள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ஊசி நெற்றியில் ஏறியிருந்தால், இமையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் துர்கைத் தாயின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள் என்றார்." இரண்டு விரலால் இமையைத் தூக்கிக் காட்டினார். பிறகு அதை நினைத்துத் தானே பயந்து கையை எடுத்தார்.

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கரக்பூர்க்காரி வாசலில் சாய்ந்து நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெயில் பொண்ணுக்கு முன்னால ஜன்னல்கிட்ட எடம் குடுத்துட்டேன்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "அவளுக்கு வெளிச்சம் வேணுமாம். பின்னால இருட்டு."

"அப்ப போட்டோவெல்லாம்?"

"அழிச்சாச்சு. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், மொகம் காட்டினாத்தான் டாக்டர் எழுதுவாங்கன்னு. எழுதாமயும் போவாங்கன்னும் சொல்லிட்டேன். அதக் கேட்டுத்தான் ஜாஸ்தி பேரு வர்றேங்கறாங்க. பைத்தியக்கார ஊரு." அப்புறம் குரலைத் தணித்து, "நீங்க அந்தப் பேனாவைத் தூக்கிப் பிடிச்சப்ப நான் திரை இடுக்குல நின்னேன் அக்கா. எனக்கு அவங்களைப் பத்து வருஷமா தெரியும். அந்தப் புருவத்தை நான்தான் எடுக்கறேன். நான் பாக்கலை" என்றாள்.

சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தச் சின்னச் சத்தத்தில் என் வயது பாதியாயிற்று. மேசையில் என் சீட்டுப் புத்தகம் வைத்த இடத்திலேயே இருந்தது. மேலே யாரோ தூசி தட்டியிருந்தார்கள்.

பௌதி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். கண்ணாடியின் எதிரில் நின்று, நெற்றியை ஒருதரம் தடவிப் பார்த்தார். கோடுகள் குறைந்திருந்தன, ஆனால் போய்விடவில்லை.

"அப்போ என் நெற்றி?"

"அது அப்படியேதான் இருக்கும், பௌதி. இந்த ஊசி உங்களுக்கு ஆகாது."

"எப்போதுமேவா?"

"எப்போதுமே."

உதட்டைப் பிதுக்கினார். உண்மையான வருத்தம்தான், மறைக்கவில்லை. பிழைத்த கண்ணுக்கு நன்றி சொன்ன அதே முகம், கிடைக்காத நெற்றிக்காக என்னிடம் கோபித்துக்கொண்டது. இரண்டுக்கும் அதில் இடமிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

"நீங்கள் என் நோயாளி இல்லை" என்றேன். "ஆனாலும் அந்த மாத்திரைக்குக் கண் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. மாதம் ஒருமுறை முடி வெட்ட வருவீர்களே, அப்போது திரையை விலக்கிவிட்டுப் போங்கள்."

டப்பாவை என் கையில் திணித்தார். வாசல்வரை போனேன். "ஆஷி" என்றார், நாம் போய்வருகிறேன் என்பதைப்போல, அவர்கள் வருகிறேன் என்று சொல்லித்தான் போவார்கள். படியில் ஒரு காலை வைத்தவர் நின்று, திரும்பி, கரக்பூர்க்காரியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இடது கண்ணை. அது மூடி, சட்டென்று திறந்தது. பிறகு யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்த தமிழில், ஒவ்வொரு எழுத்தாக என்னிடம் கேட்டார்:

"டாக்டர் தீதி... அடுத்த மாசம்... மொகம் காட்டணும்?"

"காட்டணும் பௌதி. வந்து காட்டணும்."